கத்திக்கு முன் சில கேள்விகள்

நமது பட்டணங்களில் சில காலமாக ஒரு புதிய வியாபாரம் தழைத்து வருகிறது. முதுமையை நீக்கித் தருவதாகச் சொல்லும் வியாபாரம் அது. கைத் தொலைபேசியைத் திறந்தால் அதன் விளம்பரம். வீதிமுனையில் நிமிர்ந்து பார்த்தால் அதன் பலகை. ஒரே மனிதரின் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றில் தாடை தொங்குகிறது. மற்றொன்றில் இருபது வயது குறைந்து விளங்குகிறது. அடியிலே, இம்மாதக் கடைசி வரையில் சலுகை என்ற வாசகம். ஆடி மாதத்தில் ஜவுளியைத் தள்ளி விற்பது போல மனித முகத்தையும் தள்ளி விற்கத் துணிந்துவிட்டார்கள்.

சில நாட்களுக்கு முன் நண்பர் ஒருவர் நம்மைக் காண வந்தார். வயது 56. பொதுக் காரியங்களில் நெடுநாள் உழைத்தவர்; மேடையேறிப் பேசுகிறவர். முகத் தோலை இழுத்துக் கட்டும் ரண சிகிச்சைக்கு முன்பணம் செலுத்திய ரசீது ஒன்றை நம்முன் வைத்தார். "கூட்டங்களில் பிள்ளைகள் என்னைப் பார்த்து, ஐயா களைத்துவிட்டீர்கள், ஓய்வெடுங்கள் என்கிறார்கள். நான் களைக்கவில்லை, என் முகந்தான் களைத்திருக்கிறது. இதிலே நான் அறிந்துகொள்ள வேண்டியது ஏதேனும் உண்டா?" என்று கேட்டார்.

நாம் அவரை மூன்று கேள்விகள் கேட்டோம். கத்தி எங்கே படும்? கத்தியைப் பிடிப்பவர் யார்? நீர் புகை குடிப்பவரா என்று அங்கே எவரேனும் விசாரித்தார்களா? மூன்றுக்கும் அவரிடம் விடையில்லை. பணம் வாங்கியவர் வைத்தியரா, குமாஸ்தாவா என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. நண்பரோ நாளொன்றுக்கு ஒரு பெட்டி சிகரெட் புகைப்பவர்! படித்தவர், உலகம் அறிந்தவர், பிறருக்குப் புத்தி சொல்கிறவர் நிலையே இதுவானால் மற்றையோர் நிலை எப்படியிருக்கும்? ஆகவே இவ்விஷயத்தைப் பற்றி வெளிப்படையாக எழுதுவது அவசியமெனக் கருதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வயோதிகத்தின் பெருமையைப் பாடி, சுருக்கம் விழுந்த முகமே அழகு என்று உபதேசம் செய்வது நமது நோக்கமன்று. அவரவர் முகம் அவரவர்க்கு உரியது. நரைக்குச் சாயம் பூசுவோரையும், பொய்ப்பல் கட்டுவோரையும் நாம் பழிப்பதில்லை; இதையும் பழிக்கப் போவதில்லை. ஆனால் சாயம் பிடிக்காவிட்டால் கழுவிவிடலாம். பல்செட்டு பொருந்தாவிட்டால் கழற்றி வைக்கலாம். வெட்டிய தோலை யாராலும் திரும்ப ஒட்டிக்கொள்ள முடியாது. நோயில்லாத உடம்பில் செய்யப்படும் பெரிய ரண சிகிச்சை இது. நோயாளிக்குச் செய்யும் சிகிச்சைக்கு எவ்வளவு விசாரணை வேண்டுமோ, நோயில்லாதவனுக்குச் செய்யும் சிகிச்சைக்கு அதைவிட அதிகமான விசாரணை வேண்டும். நாம் வற்புறுத்துவது இவ்வளவே.

இனி, ‘பேஸ்லிப்ட்’ என்று வழங்கும் இச்சிகிச்சையாவது யாது? காதின் மேல் மயிரோரத்தில் தொடங்கும் கத்தி காதின் முன்புறமாக இறங்குகிறது; காது மடலைச் சுற்றிப் பின்புறம் ஏறிப் பிடரி மயிருக்குள் மறைகிறது. இரு பக்கங்களிலும் இவ்வாறே. பிறகு கன்னத்துத் தோலையும் கழுத்துத் தோலையும் அடியிலுள்ள கொழுப்பிலிருந்து பிரித்துத் தூக்குகிறார்கள். அதற்கும் கீழே முகத் தசைகளைத் தழுவியபடி மெல்லிய உறுதியான படலம் ஒன்று இருக்கிறது. அதனை மேல்நோக்கி இழுத்துத் தைக்கிறார்கள். அல்லது அதன் அடியிலும் புகுந்து தளர்த்தி மேலேற்றுகிறார்கள். கடைசியில் மிகுந்து நிற்கும் தோலை வெட்டியெடுத்துத் தையலிடுகிறார்கள். மூன்று நான்கு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஒரு பகலில் முடித்துக்கொண்டு மாலையில் கூட்டத்துக்குப் போகலாம் என்பவர் சொல்லை நம்ப வேண்டாம்.

இதன் சரித்திரமும் அறியத்தக்கது. 1901-ஆம் வருஷம் பெர்லின் நகரத்தில் ஹாலண்டர் என்ற வைத்தியர் ஒரு சீமாட்டியின் வேண்டுகோளுக்கு இணங்கிக் காதோரத் தோலைச் சிறிது வெட்டித் தைத்ததே இதன் ஆரம்பம் என்பர். அக்காலத்தில் தோலை மட்டுமே இழுத்தார்கள். தோலோ நெகிழும் பொருள். சில காலத்தில் மீண்டும் தொங்கியது. அது தொங்காதிருக்க மேலும் பலமாக இழுத்தால் மத்தளத்தின் தோலைப் போல முகம் விறைத்தது. 1974-ல் ஸ்வீடன் தேசத்து ஸ்கூக் என்பவர் தோலையும் அதன் கீழ்ப் படலத்தையும் சேர்த்து உயர்த்தும் முறையை விவரித்தார். 1976-ல் பிரான்ஸ் தேசத்து மிட்ஸ், பெய்ரோனி என்ற இருவர் அப்படலத்தின் அமைப்பை ஆராய்ந்து வெளியிட்டனர். 1990-ல் அமெரிக்காவில் ஹம்ரா என்பவர் ஆழத்தில் செல்லும் முறையை வகுத்துரைத்தார். இப்பொழுது இழுவிசையைத் தாங்குவது படலம். தோல் அதன்மேல் இயல்பாகப் படிகிறது. ஆகவே ‘எந்த முறையில் செய்வீர்கள், ஏன் அம்முறை எனக்குத் தகும்’ என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. அதற்கு விடை சொல்லத் தெரியாதவரிடம் முகத்தைக் கொடுத்தலாகாது.

இச்சிகிச்சையால் கூடியதும் கூடாததும் எவை? தாடையோரத்தில் தொங்கும் சதை, கழுத்தில் தளர்ந்த தோல், சரிந்த கன்னம் ஆகிய இவற்றுக்கே இது பயன்படும். நெற்றிச் சுருக்கத்துக்கு இது மருந்தன்று. கண் இமையின் தளர்ச்சிக்கு வேறு சிகிச்சை உண்டு. உதட்டைச் சுற்றியுள்ள நுண்ணிய கோடுகள், வெயில் தந்த கறைகள், தோலின் முரட்டுத்தன்மை ஆகியவை இதனால் மாறா. வயது ஏறும்போது முகத்திலுள்ள கொழுப்புக் குறைகிறது, எலும்பும் தேய்கிறது. இழுத்துக் கட்டுவதால் அக்குறை நிரம்பாது. முக்கியமாக, காலத்தின் ஓட்டத்தை இது நிறுத்துவதில்லை. சில வருஷங்கள் பின்னே தள்ளி நிறுத்துகிறது. அங்கிருந்து முதுமை மீண்டும் தன் நடையைத் தொடங்குகிறது. பத்து வருஷம் நின்றால் நல்ல வேலை என்றே நிபுணர்கள் மதிக்கிறார்கள். ஆயுள் முழுவதும் நிற்கும் என்று உறுதி கூறுபவர் வைத்தியம் பேசவில்லை, வியாபாரம் பேசுகிறார்.

ஒரே பெயரில் பல சரக்குகள் விற்கப்படுவதையும் கவனிக்க வேண்டும். தோலுக்கடியில் நூல் கோத்து இழுப்பது ஒன்று. ஊசியால் மருந்தேற்றித் தசையைத் தளர்த்துவது ஒன்று. குழிந்த இடத்தை நிரப்புவது மற்றொன்று. இவை யாவும் சில மாதங்களோ ஓரிரு வருஷங்களோ நிற்பவை. கத்தி வைத்துச் செய்வதற்கு ஈடானவை அல்ல. சிலருக்கு இவையே போதுமாயிருக்கலாம். ஆனால் வாங்குவது எது என்று தெரிந்து வாங்க வேண்டும்.

அபாயங்களுக்கு வருவோம். அடிக்கடி நேர்வது தோலுக்கடியில் இரத்தம் கட்டுதல். சிகிச்சை முடிந்த முதல் நாளிலேயே பெரும்பாலும் இது நேர்கிறது. நூற்றில் சிலருக்கு இவ்வாறு ஆகும். உடனே மறுபடியும் திறந்து இரத்தத்தை வெளியேற்றாவிட்டால் மேலுள்ள தோல் அழியக்கூடும். பெண்களைவிட ஆண்களுக்கே இது அதிகம். தாடி முளைக்கும் தோலில் இரத்த ஓட்டம் மிகுதியென்பது ஒரு காரணம். இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காதவர்களுக்கு அபாயம் இன்னும் கூடும். ஆகவே சிகிச்சை முடிந்த அன்று இரவு யார் பக்கத்தில் இருப்பார், நள்ளிரவில் கன்னம் வீங்கினால் யாரைக் கூப்பிடுவது என்பது சிறிய கேள்வியன்று.

அடுத்தது நரம்பு. முகத்தைச் சிரிக்கவும் சுளிக்கவும் வைக்கும் நரம்பின் கிளைகள் கத்தி செல்லும் தளத்துக்கு மிக அருகில் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று காயப்பட்டால் புருவம் உயராது. அல்லது உதடு ஒருபுறம் கோணும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். என்றைக்கும் சரியாகாமற் போவது அரிது, ஆயினும் இல்லாததன்று. மேடையிலே சொல்லால் வாழ்கிறவனுக்கு உதடு கோணுவது எவ்வளவு பெரிய நஷ்டம்! காதுக்கு உணர்ச்சி தரும் நரம்பு அதைவிட எளிதில் காயப்படுகிறது. காது மடல் மரத்துப்போகும்.

தழும்பு விஷயத்தில் நம் நாட்டவர் தனியே எச்சரிக்கையாயிருக்க வேண்டும். வெள்ளைத் தோலைவிடக் கருமையும் மாநிறமுமான தோலில் தழும்பு தடித்து எழும்பும் இயல்பு அதிகம். காது குத்திய இடத்திலோ, பழைய காயத்திலோ அவ்வாறு தடித்த தழும்பு உடையவர் அதனை வைத்தியரிடம் முன்கூட்டியே காட்டவேண்டும். ஆண்களுக்கு மற்றொரு சங்கடமும் உண்டு. கன்னத்துத் தோலைப் பின்னே இழுக்கும்போது தாடி முளைக்கும் தோல் காதுவரை வந்துவிடும். முன்பு மயிரில்லாத இடத்தில் க்ஷவரம் செய்யவேண்டி வரும். கத்தியின் பாதையைத் தகுந்தபடி மாற்றினால் இதனைக் குறைக்கலாம். ஆண்களுக்குச் சிகிச்சை செய்து பழகியவரா என்று கேட்பதன் காரணம் இதுவே.

உயிருக்கு ஆபத்து உண்டா? மிக அரிது. ஆனால் மயக்க மருந்து எங்கே உண்டோ அங்கே அந்த ஆபத்தும் சிறிதளவு உண்டு. அமெரிக்க நாவலாசிரியை ஒலிவியா கோல்ட்ஸ்மித் 2004 ஜனவரியில் நியூயார்க் நகரில் மோவாயின் கீழுள்ள தளர்ந்த தோலை நீக்கிக்கொள்ளச் சென்றார். மயக்க மருந்தின் விளைவாக நினைவிழந்தவர் பிறகு எழவில்லை.  செல்வமும் வசதியும் மிகுந்த நகரத்திலேயே இது நேர்ந்தது. தனியாக ஒரு மயக்க மருந்து வைத்தியர் இல்லாமல், உயிர் காக்கும் கருவிகள் இல்லாமல், அழகு நிலையத்தின் பின்னறையிலே இச்சிகிச்சைக்கு உடன்படுவது அறிவீனம்.

நம் நண்பரின் சிகரெட்டைப் பற்றி ஏன் கேட்டோம்? தோலைப் பிரித்துத் தூக்கியபின் அதன் ஓரம் பிழைத்திருப்பது நுண்ணிய இரத்தக் குழாய்களால். புகையிலையிலுள்ள நிக்கோட்டின் அக்குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. இரத்தம் எட்டாத தோல் கறுத்து உதிர்கிறது. புகைப்பவருக்கு இவ்வாறு தோல் அழியும் அபாயம் புகைக்காதவரைப்போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல் என்று 1984-ல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்று கண்டது. நாலு வாரமாவது முன்னும், ஆறும் வரையில் பின்னும் புகையை விட்டொழிக்க வேண்டும். வெற்றிலையுடன் போடும் புகையிலை, நிக்கோட்டின் மிட்டாய் முதலியவையும் இக்கணக்கில் சேரும். இதனைக் கேளாமலே முன்பணம் வாங்கிய இடத்தை என்னவென்று சொல்வது?

இரத்த அழுத்தம், நீரிழிவு, இருதய நோய் ஆகியவற்றையும், உண்ணும் மருந்துகள் யாவற்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஆஸ்பிரின் போன்றவை இரத்தம் உறைவதைத் தடுக்கும். நாட்டு மருந்துகளிலும், சத்து மாத்திரைகளிலும் அத்தகையவை உண்டு. ஆனால் இருதய நோய்க்காக ஆஸ்பிரின் உண்பவர் தாமாகவே அதனை நிறுத்திவிடலாகாது. முகத்துக்காக இருதயத்தைப் பணயம் வைத்ததாக முடியும். தமக்கு மருந்து கொடுத்துவரும் வைத்தியரைக் கேட்டே எதையும் செய்யவேண்டும்.

உடம்பைப் போலவே மனத்தையும் பரீட்சை செய்ய வேண்டும். கண்ணாடி முன் நாள்தோறும் நெடுநேரம் நின்று, பிறர் கண்ணுக்குத் தெரியாத குறையைத் தம் முகத்தில் கண்டு வருந்தும் மனநோய் ஒன்று உண்டு. அத்தகையோர்க்கு எத்தனை முறை அறுத்தாலும் திருப்தி ஏற்படுவதில்லை. மனைவியை இழந்த துயரம், உத்தியோகம் போன ஏக்கம், தேர்தலில் தோற்ற அவமானம் ஆகியவை ஆறுவதற்குள் கத்தியை நாடுவதும் தவறு. யாருக்காக இதைச் செய்துகொள்கிறோம் என்ற கேள்விக்கு நேர்மையான விடை கிடைத்த பிறகே மேலே செல்ல வேண்டும்.

கத்தியைப் பிடிப்பவர் யார் என்ற கேள்வியே எல்லாவற்றிலும் பெரியது. நம் தேசத்தில் இத்துறைக்கென்று தனிப் பட்டம் இருக்கிறது. ‘பிளாஸ்டிக் சர்ஜரி’யில் எம்.சி.எச். பட்டமோ அதற்குச் சமமான தேசியப் பரீட்சைப் பட்டமோ பெற்றவரா என்று பார்க்க வேண்டும். பலகையிலே ‘அழகியல் நிபுணர்’ என்று எழுதிக்கொள்வது பட்டமன்று. ராஜ்ய மெடிக்கல் கவுன்ஸிலின் பதிவேட்டில் அவர் பெயரும் எண்ணும் உண்டா என்று விசாரிக்கலாம். இதே சிகிச்சையை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், உங்களிடம் இரத்தம் கட்டியவர் எத்தனை பேர், நரம்பு காயப்பட்டவர் எத்தனை பேர் என்று கேட்கலாம். கைதேர்ந்தவர் இக்கேள்விகளுக்குக் கோபிப்பதில்லை. தமக்கு ஒரு தீங்கும் நேர்ந்ததேயில்லை என்பவர் ஒன்று மிகச் சிலருக்கே செய்திருக்கிறார்; அல்லது உண்மை சொல்லவில்லை.

படங்களைப் பார்த்து மயங்கக்கூடாது. வெளிச்சத்தை மேலிருந்து விட்டால் சுருக்கம் ஆழமாகத் தெரியும். எதிரிலிருந்து விட்டால் மறையும். மோவாயைத் தாழ்த்தினால் கழுத்துத் தொங்கும்; சற்றே உயர்த்தினால் தொங்கல் தீரும். கத்தியில்லாமலே இவ்வளவும் செய்யலாம்! ஒரே வெளிச்சத்தில், ஒரே நிலையில், சிகிச்சை நடந்து ஒரு வருஷத்துக்குப் பின் எடுத்த படத்தைக் காட்டுமாறு கேட்க வேண்டும்.

சிகிச்சைக்குப் பின் வரும் நாட்களையும் கணக்கிட வேண்டும். வீக்கமும் கன்றிய நிறமும் தணிய இரண்டு மூன்று வாரம் ஆகும். கன்னத்து மரப்பு நீங்கச் சில மாதங்கள் ஆகலாம். முகம் தன் முடிவான வடிவத்தை அடைய ஒரு வருஷம் வரையிலும் ஆகும். செலவோ முழுவதும் கைப்பணம். அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்கு வைத்தியக் காப்புறுதிப் பாலிஸிகள் பணம் தருவதில்லை. சர்க்காரும், பிறவிக் குறை, விபத்து, காயம் ஆகியவற்றைச் சீர்செய்யும் சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. வரியிலிருந்து விலக்களித்து, அழகுச் சிகிச்சைக்கு வரி விதிக்கிறது. ஏதேனும் கெட்டு மறுபடியும் திறக்க நேர்ந்தால் அச்செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

‘தேசத்திலே ஆயிரம் துன்பம் இருக்க, பணக்காரர் முகத்தைப் பற்றி ஒரு பத்திரிகை இவ்வளவு எழுதுவதா?’ என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு இரண்டு விடை உண்டு. முதலாவது, முகத்தைச் சீர்செய்யும் இக்கலை நம்முடைய பழஞ்சொத்து. சுச்ருத சம்ஹிதை வெட்டுண்ட மூக்கையும் காதையும் மீட்டமைக்கும் முறையைச் சொல்லுகிறது. கம்பெனிப் படையில் வண்டியோட்டிய மராட்டியன் ஒருவனைத் திப்புவின் வீரர் சிறைபிடித்து மூக்கை அறுத்துவிட்டனர். புனாவிலே நம்மவர் ஒருவர் நெற்றித் தோலைக் கொண்டு அவனுக்கு மூக்கமைத்த செய்தி 1794-ல் லண்டன் பத்திரிகையில் வெளிவந்தது. அதைக் கண்டே கார்ப்யூ என்ற ஆங்கில வைத்தியர் 1814-ல் அம்முறையைத் தம் நாட்டில் செய்து பார்த்தார். முதல் உலக யுத்தத்தில் முகம் சிதைந்த போர்வீரர்கள் 5,000-க்கு மேற்பட்டவர்களுக்கு ஹெரால்டு கில்லீஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் இங்கிலாந்தில் முகம் அமைத்துக் கொடுத்தனர். அவரிடம் பயின்ற பம்பாய் ஆன்டியா, குஷ்டநோயால் மூக்கழிந்த ஏழைகளுக்கு மீண்டும் மனித முகம் கொடுத்தார். மானம் இழந்தவனுக்கு மானம் கொடுக்கப் பிறந்த கலை இது. அக்கலையைக் கடைச்சரக்காக்குவதைக் கண்டு வாளாவிருக்கலாமா?

இரண்டாவது விடை இன்னும் முக்கியமானது. இச்சிகிச்சையை நாடுவோர் யாவரும் ஆடம்பரப் பிரியர் அல்லர். பிரான்ஸ் தேசத்தில் இத்துறையில் முன்னோடியாக விளங்கிய ஸுஸான் நோயேல் என்ற பெண் வைத்தியர், பெண்களின் உரிமைக்காகப் போராடியவர். முகத்தில் வயது தெரிந்ததும் வேலையிழக்கும் பெண்களின் நிலையைக் கண்டு அவர்களுக்குச் சிகிச்சை செய்தார். அழகுச் சிகிச்சையின் சமூகப் பயனைப் பற்றி 1926-ல் ஒரு நூலும் எழுதினார். ஒரு நூற்றாண்டு கழிந்தது, நிலைமை மாறியதா? ஐம்பது வயதானவரை வேலைக்கு எடுக்கத் தயங்கும் முதலாளிகள் இன்றில்லையா? தொலைக்காட்சியில் ஆணின் நரையை அனுபவம் என்றும், பெண்ணின் நரையைக் குறை என்றும் கொள்ளும் வழக்கம் ஒழிந்ததா? ஐயா ஓய்வெடுங்கள் என்று நம் நண்பரிடம் சொன்ன இளைஞர்கள் அவர் பேச்சைக் கேட்டுச் சொன்னார்களா, தாடையைப் பார்த்துச் சொன்னார்களா? கத்திக்கு இரையாகும் முகங்களைப் பரிகசிப்பதற்கு முன், அவற்றைக் கத்தியை நோக்கித் தள்ளும் கண்களைக் கண்டிக்க வேண்டும். அக்கண்களில் நம்முடையவையும் உண்டு.

சட்டம் என்ன செய்கிறது? வைத்தியர்களோ வைத்திய ஸ்தாபனங்களோ நேராகவும் மறைவாகவும் நோயாளிகளைக் கவர்ந்திழுப்பது முறையற்றதென 2002-ஆம் வருஷத்து மெடிக்கல் கவுன்ஸில் விதிகள் கூறுகின்றன. கவுன்ஸிலின் இடத்தில் 2020-ல் தேசிய மருத்துவக் கமிஷன் வந்தபின்னும் அவ்விதிகள் நிற்கின்றன. நோயாளியின் சம்மதம் என்பது வெறும் கையெழுத்தன்று. சிகிச்சையின் தன்மை, பயன், அபாயம், மாற்று வழி ஆகியவற்றைத் தெரிவித்த பிறகு பெறுவதே சம்மதம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2008-ல் தீர்ப்பளித்தது. கூலி பெற்றுச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதென 1995-லேயே அக்கோர்ட்டு கூறிவிட்டது. ஏட்டில் இவையெல்லாம் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் கமிஷனின் கை வைத்தியரை எட்டும். கடை நடத்தும் முதலாளியை எட்டுவதில்லை. அந்தச் சந்தில்தான் தள்ளுபடி விளம்பரம் நுழைந்து விளையாடுகிறது.

பிரான்ஸில் அழகு ரண சிகிச்சைக்கு வைத்தியர் செலவுக் கணக்கை எழுதிக் கொடுத்த பிறகு 15 நாள் கழித்தே சிகிச்சை செய்யலாம். அந்த 15 நாளில் சிகிச்சைக்கென முன்பணம் வாங்கலாகாது. இங்கிலாந்தின் மெடிக்கல் கவுன்ஸில் 2016-ல், ஆலோசனைக்கு அவகாசம் கொடுக்க வேண்டுமென்றும், யோசியாமல் முடிவு செய்யத் தூண்டும் சலுகைகள் கூடாதென்றும் வைத்தியர்களுக்குக் கட்டளையிட்டது. இவற்றைப் பின்பற்றுவதில் நமக்கு என்ன தடை? சிகிச்சை செய்பவரின் பெயரும் பட்டமும் பதிவு எண்ணும் இல்லாத விளம்பரம் கூடாது. நாள் குறித்த சலுகை கூடாது. 15 நாள் கழியுமுன் ஒரு காசு வாங்கலாகாது. சர்க்கார் இம்மூன்றையும் விதியாக்கி, வைத்தியர், கம்பெனி என்ற பேதமின்றி அமல் நடத்த வேண்டும். இதனால் நல்ல வைத்தியர் எவருக்கும் நஷ்டமில்லை. அவசரத்தை விற்கிறவனுக்கே நஷ்டம்.

நம் நண்பர் மறுநாளே சென்று முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். பாதி கிடைத்தது. மீதிக்கு ரசீதில் சிறு எழுத்தில் இருந்த நிபந்தனையைக் காட்டினார்களாம். அவர் சிகரெட்டை நிறுத்தி இன்று பதினெட்டு நாள் ஆகிறது. பட்டம் பெற்ற நிபுணர் ஒருவரைப் பார்க்கக் கேள்விகள் எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் அவர் சிகிச்சை செய்துகொள்ளலாம், செய்யாமலும் விடலாம். செய்துகொண்டால் அவரைப் பரிகசிக்க மாட்டோம். செய்யாவிட்டால் மெச்சவும் மாட்டோம். எம்முடிவாயினும் அது அவர் அறிந்து செய்த முடிவாயிருக்கட்டும். அவரைப் போன்ற நேயர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே: மாதக் கடைசிக்குள் எந்த முகமும் கெட்டுப்போவதில்லை. கேளுங்கள், காத்திருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.